பின்கதவால் பப்புக்குப் போகும் சி.ஐ.டி. அண்ணை

ரொறன்ரோவில் சி.ஐ.டி. அண்ணை சாப்பிடாத ஐரிஷ் பப் கிடையாது. ஆனால் அதிலே ஒன்றின் முன்கதவு என்ன நிறம் என்று கேட்டுப் பாருங்கள், முழிப்பார். மனுசன் எந்தப் பப்புக்கும் முன்கதவால் போனதே இல்லை.

போன கிழமை இந்தப் பத்திக்கு எழுதிய ஒரு வாசகர், லண்டனிலிருந்து மச்சான் வருகிறார், நல்ல சாப்பாடு, குடி, நேரே இருந்து வாசிக்கிற பாட்டு மூன்றும் உள்ள ஐரிஷ் பப் ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார். சொல்லலாம். ஆனால் அதற்கு முதல் இந்த மனுசனைப் பற்றிச் சொல்லவேண்டும். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவருக்குப் பின்னால் குப்பைத் தொட்டிகளுக்கு நடுவில் நின்று பொறுக்கியதுதான்.

டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்தில் அவருடைய சொந்தப் பெயர் ஒருவருக்கும் தெரியாது; சி.ஐ.டி. என்பது நாங்கள் வைத்த பட்டம். கீழே பெல் அடிக்கிற பலகையில்கூடப் போடமாட்டார். "பெயரைப் போட்டால் பெயர் தெரிஞ்சிடும்" என்பார். லிப்ற்றில் யாராவது "குட் மோர்னிங்" சொன்னால் "ஏன்?" என்று கேட்பார். கடையில் ஏதாவது மலிவென்றால் அந்தப் பக்கமே போகமாட்டார். வெளியில் சாப்பிடப் போனால் வீட்டிலிருந்து சொந்தக் கரண்டி, லேஞ்சித் துணியில் சுற்றி, கோட்டின் உள்பொக்கற்றில் வரும்.

வெகுகாலம் டவுன்ரவுனில் ஓர் ஐரிஷ் பப்பின் குசினியில் சமையல்காரர். அந்தப் பப்பை இடித்து மாடிக் குடியிருப்புக் கட்டியதோடு வேலையும் முடிந்தது. பிறகு வெள்ளிக்கிழமை தோறும் மற்றவனுடைய குசினியைச் சோதிக்கப் புறப்பட்டார். கார் ஓட்ட நான்.

"ஏன் அண்ணை என்னையும் இழுக்கிறியள்? பஸ் இருக்குத்தானே?"

"தனியப் போனால் சந்தேகப்படுவாங்கள், தம்பி."

அவருடைய முறை இதுதான். காரை முன்னுக்கு விடக்கூடாது. பின்லேனுக்குப் போய், முதலில் குப்பைத் தொட்டி. மூடியைத் திறந்து மூக்கை உள்ளே விட்டு, பழைய எண்ணெய் எப்ப மாற்றினது, மீன் எந்த நாளையது என்று சொல்லிவிடுவார். பிறகு சிகரெட் குடிக்க யாராவது குசினியிலிருந்து வரும்வரை காத்திருப்பார். வருகிறவன் எப்படியும் எங்கடை ஆளாக இருப்பான்.

"தம்பி, இண்டைக்கு எதைச் சாப்பிடலாம்?"

"மீனைச் சாப்பிடுங்கோ அண்ணை. இறைச்சி ஸ்டூ நேற்றையான்."

அவ்வளவுதான். குசினிக்குள்ளாலேயே நடந்து மண்டபத்துக்குள் போய் இருப்போம். பரிமாறுகிற பிள்ளை, இதுகள் எங்கேயிருந்து வந்ததுகள் என்று திடுக்கிட்டு, ஸ்டூ இன்றைக்கு அருமை என்று சிரிப்பாள். சி.ஐ.டி. அண்ணை என்னைப் பார்ப்பார். "கேட்டீரோ? வாயைத் திறந்தால் சுத்துமாத்து."

ஒருமுறை எற்றோபிக்கோப் பக்கம் ஒரு பெரிய பப். பின்லேனில் நின்று நின்று என் கால் விறைத்துப்போனது. குசினிக்குள் ஒரு தமிழனும் இல்லை. மனுசன் கோட்டை இழுத்துப் பொத்தானைப் போட்டார்.

"வாரும், போவம். குசினியிலை ஒரு தமிழன் இல்லை. உது என்ன ஐரிஷ் பப்?"

இன்னொரு விசயம். அத்தனை வருசமும் குசினியை விட்டு வெளியே வராத மனுசன். முன்னுக்கு நடக்கிறது ஒன்றும் தெரியாது. முதல்தரம் நான் கறுத்த பியர் கேட்டபோது, பரிமாறுகிறவன் கிளாஸில் முக்கால்வாசி ஊற்றிவிட்டு அப்படியே வைத்துவிட்டுப் போனான். நுரை அடங்கினபிறகு மிச்சத்தை ஊற்றுவது அவர்களின் வழக்கம். அண்ணை எழும்பிவிட்டார்.

"மிச்சத்தை ஆருக்குக் குடுக்கப் போறான்?"

"அடங்கட்டும் எண்டு வைச்சிருக்கிறான் அண்ணை."

"பியர் என்ன, குழப்படி செய்ததோ அடங்கிறதுக்கு?"

அவன் திரும்பி வந்து நிரப்பும்வரை கிளாஸுக்குப் பக்கத்திலேயே காவல் நின்றார். தனக்கு ஜிஞ்சர் ஏல், அதுவும் கண்முன்னால் திறந்தால்தான்.

பாட்டுக்காரரோடு பட்டபாடு அதைவிடப் பெரிது. நல்ல ஐரிஷ் பப்பில் மேடை இருக்காது. வயலின், குழல், மேளத்தோடு வந்து ஒரு மேசையைச் சுற்றி, ஆளை ஆள் பார்த்தபடி இருந்து வாசிப்பார்கள். முதுகுதான் எங்களுக்கு. அண்ணை அந்த இசையைச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று காலமெல்லாம் கேட்டவர், ஆட்களைக் கண்டதில்லை.

"உவங்கள் ஏன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறாங்கள்? உது கச்சேரி இல்லை, கூட்டம். என்னவோ திட்டம் போடுறாங்கள்."

போய் மேசையைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார். வயலின்காரப் பெண், பாவம், கிழவர் ஆசைப்படுகிறார் என்று நினைத்துக் கதிரையை நகர்த்தி நடுவில் இருத்திவிட்டாள். பிடிபட்ட கள்ளன் மாதிரி ஜிஞ்சர் ஏலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தார். திரும்பி வந்து சொன்னார்: "ஒரு மெட்டை மூண்டுதரம் வாசிச்சு மூண்டு பாட்டு எண்டு பேய்க்காட்டுறாங்கள்." ஆனால் காலால் தாளம் போட்டதை நான் கண்டேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த மனுசனுக்கு, போன மாரிக் குளிரில் ஒரு பொல்லாத தடிமன் வந்து மூக்கை அடைத்தது. அதற்குப் பிறகு சந்தேகம் எல்லை தாண்டிவிட்டது. எந்தப் பப்புக்குப் போனாலும் உப்பில்லை. மீன் பஞ்சு, கிழங்கு கடதாசி.

"எல்லாப் பப்புக்காரரும் சேர்ந்து உப்பைக் குறைச்சுப் போட்டாங்கள், தம்பி."

"நல்லாத்தானே இருக்கு அண்ணை."

"நீரும் அவங்கடை ஆளோ?"

எங்களுக்கு மிகவும் பழக்கமானது குகனுடைய பப். குகன் அங்கே தலைமைக் குசினிக்காரன், நல்ல பெடியன். அன்றைக்கு அவனுடைய பின்லேனுக்குப் போனால், குப்பை எடுக்கிற லொறி வராமல் தொட்டி நிரம்பி வழிகிறது. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு நாலடி பின்னுக்கு நின்றேன். அண்ணை மூடியைத் திறந்து, வழக்கம்போல மூக்கை உள்ளே விட்டார்.

"சுத்தமான இடம்" என்றார்.

ஐயோ, மனுசனுக்கு மணமே தெரியவில்லை. அன்றைக்கு மேசையில் கடுகுப் பசையைக் கரண்டியால் அள்ளித் தயிர் மாதிரிச் சாப்பிட்டார். எனக்குத்தான் கண்ணீர் வந்தது, பாதி கடுகால்.

காரில் மெல்லச் சொன்னேன். "அண்ணை, ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டுவமே?"

மனுசன் அடுத்த வெள்ளிக்கிழமை வரவில்லை, அதற்கடுத்ததும் இல்லை. கதவைத் தட்டினால் சங்கிலி நீளத்துக்குத் திறந்தார். கழுத்தெலும்பு தெரிந்தது.

"சாப்பிடுறியளோ இல்லையோ?"

"என்னத்தைச் சாப்பிடுறது? டொக்டர், மணமும் ருசியும் திரும்பி வந்தாலும் வரும், வராமலும் விடும் எண்டிட்டார். ஆரையும் நம்பேலாது எண்டு இந்த நாக்கை மட்டும் நம்பித் திரிஞ்சனான். இப்ப அதுவும் பொய் சொல்லுது."

இந்த மனுசன் இப்படியே உள்ளுக்குக் கிடந்து காய்ந்து போய்விடும் என்று எனக்குப் பயம் பிடித்துவிட்டது. நேரே குகனிடம் போனேன். கேட்டதும் கண் கலங்கி, குசினிக்காரரின் வட்ஸ்அப் குழுவுக்கு உடனே செய்தி போட்டான்: சி.ஐ.டி. அண்ணை வந்து சாப்பாட்டில் என்ன குறை சொன்னாலும் ஓம் என்று சொல்லவேண்டும். நான் மறுபடி போய்ச் சங்கிலிக்குள்ளால் சொன்னேன்:

"அண்ணை, குகன்ரை ஸ்டூவைப் பற்றி முறைப்பாடாம். ஒருக்கா வந்து விசாரிக்கவேணும்."

கோட்டைப் போட்டுக்கொண்டு எனக்கு முதலே லிப்ற்றுக்குப் போய்விட்டார்.

கொஞ்சக் காலம் நன்றாக நடந்தது. போகிற இடமெல்லாம் "உப்புக் குறைவு" என்பார், "ஓம் அண்ணை, கை தவறிப்போச்சு" என்பார்கள். மனுசன் நிமிர்ந்து இருந்து, ருசி இல்லாவிட்டாலும் வென்ற சந்தோசத்தில் சாப்பாட்டுக் கோப்பையைக் காலி பண்ணுவார். உடம்பும் தேறியது.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, குகனுடைய பப்பில், முதல் கரண்டி ஸ்டூ வாயில் வைத்தார்.

"உப்புக் குறைவு."

"ஓம் அண்ணை, குறைவுதான்" என்றான் குகன்.

இரண்டாவது கரண்டி. "இல்லை, கூடவோ?"

"ஓம் அண்ணை, கொஞ்சம் கூடத்தான்."

"கறுவா போட்டனியோ?"

குகன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

"ஓம் அண்ணை... கொஞ்சமா."

ஐரிஷ் ஸ்டூவில் கறுவாப்பட்டை! அண்ணை கரண்டியை வைத்தார். பக்கத்து மேசையில் வயலின் தொடங்கிவிட்டது.

"எத்தினை குசினிக்குத் தெரியும்?" என்று என்னைக் கேட்டார்.

"எல்லாத்துக்கும், அண்ணை."

முடிந்தது, எழும்பிப் போகப்போகிறார், இனிக் கதவே திறக்கமாட்டார் என்று நினைத்தேன். மனுசன் எழும்பவில்லை. லேஞ்சியை எடுத்துத் தன் கரண்டியை வடிவாகத் துடைத்தார். கோப்பையை என் பக்கம் தள்ளி, கரண்டியை என் கையில் தந்தார். அந்தக் கரண்டியை வேறொருவர் தொட்டு நான் கண்டதில்லை.

"பேய்க்காட்டாமல் சொல்லும். இதிலை என்ன பிழை?"

நான் சாப்பிட்டுப் பார்த்தேன். "உப்புச் சரி அண்ணை. இறைச்சி இன்னும் கொஞ்சம் அவியவேணும்."

"குகன்! இறைச்சி அவியேல்லையாம்!"

குகன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, இப்பவும் அந்தப் பப்பில் என் பியரை நான் காவல் காத்துத்தான் குடிக்கிறேன்.

ஆக, அந்த வாசகருக்கு: மச்சானைக் கூட்டிக்கொண்டு பின்லேனுக்குப் போங்கள். உள்ளே, பாட்டுக்காரரின் வட்டத்துக்குள் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒருவர் காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தால், அதுதான் நல்ல பப். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் முதல் வாய் எனக்கு. "பொய் இல்லைத்தானே?" என்று கேட்பார். "இல்லை அண்ணை" என்றபிறகு கரண்டியை வாங்கிச் சாப்பிடுவார்.

இந்தப் பத்தியில் நான் எவ்வளவு புளுகினாலும், அந்தக் கோப்பைக்கு முன்னால் மட்டும் பொய் சொல்வதில்லை.