எல்லாம் ஒண்ணுதான் மிஸ்

சண்டை போடுகிறவர்கள் ஒரு ரகம், சண்டையை விலக்குகிறவர்கள் ஒரு ரகம். இரண்டிலும் சேராத மூன்றாவது ரகம் ஒன்று உண்டு, வாசகரே. சண்டை கிளம்புவதற்கு அரை மைல் முன்பாகவே ஓடிப்போய், "எல்லாம் ஒண்ணுதாங்க" என்று போர்வையைப் போர்த்திவிடுகிறவர்கள். நல்லவர்கள். ரொம்ப நல்லவர்கள். அதுதான் தொல்லையே.

பெங்களூரு ஆஸ்டின் டவுனில் ஓர் ஆரம்பப் பள்ளியில் நாலாம் வகுப்பு எடுக்கும் வீணா மிஸ் இந்த ரகத்தில் முதல் தரம். வெள்ளிக்கிழமைதோறும் 'மதங்களும் உலகப் பார்வைகளும்' என்றொரு பாடம். தொண்டைவலி, இடுப்புவலி என்று மற்ற ஆசிரியைகள் நழுவிக்கொள்ள, அது இவர் தலையில் விழுந்தது. பெற்றோர்களின் வாட்ஸ்அப் குரூப் என்றாலே அவருக்குப் பயம். ஆகவே ஸ்கேல் வைத்து அளந்து சார்ட் போட்டார். ஒரு மதத்துக்கு மூன்று வரி என்றால் எல்லா மதத்துக்கும் மூன்றே வரி. எதற்காவது நாலாவது வரி தேவைப்பட்டுவிட்டால், மற்றவற்றுக்கும் எங்கேயாவது தேடிப்பிடித்து ஒரு வரி! தீபாவளி என்றால் என்ன? வெளிச்சம். கிறிஸ்துமஸ்? வெளிச்சம். ரம்ஜான்? பிறை தெரிகிறதே, அதுவும் வெளிச்சம்தானே? பரீட்சையில் எந்தக் கேள்விக்கும் 'வெளிச்சம்' என்று எழுதிப் பிள்ளைகள் முழு மார்க் வாங்கினார்கள்.

இப்படி ஒளிமயமாகப் போய்க்கொண்டிருந்த வகுப்பில்தான் ஒரு வெள்ளிக்கிழமை பார்கவி எழுந்து நின்றாள். தினமும் அவளை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்ட சித்தப்பா, போன மாதம் திடீரென்று இறந்துபோயிருந்தார். பாடம் இங்கிலீஷில்தான் நடக்கும். ஆனால் மனசில் இருப்பதைக் கேட்க வேண்டுமென்றால் அந்த வகுப்பே தமிழுக்குத் தாவிவிடும்.

"மிஸ், எங்க சித்தப்பா சொர்க்கத்துல இருக்காருன்னு டென்சில் சொல்றான். இல்ல, திரும்பப் பொறந்துட்டாருன்னு நீல் சொல்றான். நாங்க புத்தர கும்புடறவங்க. எங்கப்பாவ கேட்டா சும்னே இரு, பேசாதேன்றாரு. எது மிஸ் நெஜம்?"

"எல்லாம் ஒண்ணுதாம்மா."

"ஒண்ணுன்னா, எங்க மிஸ் இருக்காரு?"

வீணா மிஸ் கடிகாரத்தைப் பார்த்தார். மணி அடிக்க இருபது நிமிஷம் பாக்கி. "எல்லாரும் ஒரு விளக்குப் படம் வரைங்க பாக்கலாம்" என்றார். பார்கவி உட்கார்ந்தாள். வரையவில்லை.

திங்கட்கிழமை அவளுடைய அம்மா காந்தா பள்ளிக்கு வந்தார். செய்தி கேட்டதுமே மிஸ்ஸுக்குப் புகார், விசாரணை, குரூப்பில் நூற்றெட்டு மெசேஜ் எல்லாம் கண்முன் ஓடின. போய் நின்றதும் மன்னிப்பை ஆரம்பித்துவிட்டார்.

"ஐயோ, எதுக்கு மிஸ் சாரி? நீங்க தப்பா ஒண்ணும் சொல்லல. நான் ஆஸ்பத்திரில ஆயா வேல பாக்கறேன். எல்லா மதத்துக்காரங்களும் இதத்தான் கேட்டு அழறாங்க. எனக்கே பதில் தெரியாது. தெரியாதுன்னா அவகிட்ட தெரியாதுன்னே சொல்லிடுங்க. கேட்டது காதுல விழாத மாதிரி மட்டும் இருக்காதீங்க. அவ நாலு நாளா அதையே நெனச்சுட்டிருக்கா."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார் மிஸ். இது நேராக உள்ளே போய்த் தைத்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை சார்ட்டைச் சுவரில் மாட்டாமலே நின்றார். "பார்கவி, அன்னிக்கு நீ கேட்டதுக்கு எனக்குப் பதில் தெரியாதும்மா. ஒவ்வொருத்தர் வீட்லயும் ஒவ்வொண்ணு நம்பறாங்க. எல்லாம் ஒண்ணு இல்ல."

வகுப்பு வாயைப் பிளந்தது. டீச்சருக்குத் தெரியாதாமே! மறுகணம் டென்சில் குதித்தான்: "எங்க வீட்ல தெரியும் மிஸ்! உலகத்தோட கடைசி நாள்ல செத்தவங்க எல்லாரும் எழுந்துப்பாங்க!"

"அதுக்குள்ள எங்காளுங்க பத்து தடவ பொறந்துடுவாங்களே!" என்றான் நீல்.

"பத்து தடவ பொறந்தா எந்த உடம்போட எழுந்துக்கறதாம்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

வழக்கமான அந்த இரண்டு வார்த்தைகள் மிஸ்ஸின் நாக்கு நுனிவரை வந்துவிட்டன. பல்லைக் கடித்து விழுங்கினார். பார்கவி கன்னத்தில் கைவைத்து ஒவ்வொருவர் சொன்னதையும் கேட்டாள். சித்தப்பா இறந்தபின் அவள் முகத்தில் அத்தனை தெளிவை மிஸ் பார்த்ததில்லை. கடைசியில், "சரி மிஸ். இன்னும் கொஞ்ச பேர கேட்டுட்டு நான் முடிவு பண்றேன்" என்றாள்.

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியை பிரிஜெட் மேடம் எட்டிப் பார்த்தார். "என்ன வீணா, சண்டையா?"

"ஆமா மேடம்," என்றார் வீணா மிஸ். "நல்லாப் போயிட்டிருக்கு."

அவர் ஒருவழியாகப் பிழைத்துக்கொண்டார். நீங்கள்? அம்மாவும் மனைவியும் ஆளுக்கொரு நியாயம் சொல்லும்போது, "ரெண்டு பேரும் ஒண்ணத்தானே சொல்றீங்க" என்று சொல்லிவிட்டுச் செல்போனுக்குள் தலையை விட்டுக்கொள்கிறவரா? 'சேச்சே, நான் அப்படியெல்லாம் இல்லை. எனக்கு யாரோடும் கருத்து வேற்றுமையே கிடையாது' என்கிறீர்களா? சரிதான். நாலாம் வகுப்பில் பின்வரிசையில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. பார்கவி உங்களையும் கேட்க வேண்டுமாம்.