பெல்ட் போட்ட உருளைக்கிழங்கு

ஸ்வோல்லே,
செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்பிற்குரிய மாமா ஹார்மென் அவர்களின் சமூகத்துக்கு, மருமகன் கெர்பென் பணிவுடன் எழுதுவது.

இங்கே நானும், உங்கள் மகள் நின்கேயும், பேரப்பிள்ளைகள் திர்சாவும் யோரிஸும் நலம். கார் மட்டும் பின்பக்கம் சற்றே தாழ்ந்து நிற்கிறது. அங்கே என்ஸில் தங்கள் முழங்காலும் வானிலையும் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன். இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் "மாமா" என்று ஆரம்பித்து மூச்சு வாங்குவதற்குள் நீங்கள் "சரி மாப்ளே, வச்சிடறேன், பில்லு ஏறுது" என்று வைத்துவிடுகிறீர்கள். கூப்பிட்டது நான், பில் என்னுடையது என்று சொல்லக்கூட இடம் கிடைப்பதில்லை. அதனால்தான் தபால்தலை ஒட்டத் துணிந்தேன். விஷயம் தாங்கள் அன்போடு கொடுத்த இரண்டு மூட்டை உருளைக்கிழங்கைப் பற்றியது.

முதலில் இருந்தே சொல்லிவிடுகிறேன். இத்தனை வருடமாக நாங்கள் கோடை விடுமுறைக்கு உள்நாட்டிலேயே, ட்ரென்தேயில் ஒரே மரக்குடிலை வாடகைக்கு எடுத்து, ஒரே மழையைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். பிள்ளைகள் மலையைக் கண்ணால் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் மலை வரையச் சொன்னதற்கு யோரிஸ் கடல் தடுப்பணையை வரைந்து, அதன்மேல் ஓர் ஆட்டை நிறுத்திவிட்டு வந்தான். இது எட்டு வயதுப் பிள்ளைக்கு அழகில்லை என்று, ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்லோவேனியா, இத்தாலி என்று மூன்று வாரம் கூடாரத்தோடு சுற்றிவர முடிவு செய்தோம். ஹோட்டல் நமக்குக் கட்டாது. நான் வேலை பார்க்கும் நீர் வாரியத்தில் கால்வாய்த் தண்ணீரை எப்படி ஏறவிடாமல் பார்த்துக்கொள்கிறார்களோ, அப்படித்தான் என் சம்பளத்தையும் பார்த்துக்கொள்கிறார்கள். ஆகவே சுங்கம் வாங்கும் சாலை எதிலும் ஏறாமல், நீச்சல்குளம் உள்ள முகாம் எதிலும் தங்காமல், ஒரு மாதம் உட்கார்ந்து வழி வகுத்து, அதற்கென்று ஒரு கோப்பும் போட்டேன். நின்கே அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்த வழில போனா ஐரோப்பாவே கண்ணுல படாதே, கெர்பென். எல்லா ஊருக்கும் பின்வாசல் வழியாவே போறியே" என்றாள். பின்வாசலில் டிக்கெட் கிழிப்பதில்லை என்று விளக்கினேன்.

இந்தத் திட்டத்தை நின்கேயின் பிறந்தநாளன்று, எல்லோரும் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு ஆளுக்கொரு துண்டு கேக்கோடு உட்கார்ந்திருந்தபோது அறிவித்தேன். ஞாபகம் இருக்கும். நான் சொல்லி முடித்ததும் நீங்கள், "நான் எங்கயும் வரல. என்னை யாரும் கூப்பிட வேணாம்" என்றீர்கள். அதுவரை யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. கேட்பதற்கு முன்பே பதில் சொல்லிவிடுகிற தெளிவு இந்தக் காலத்தில் யாரிடம் இருக்கிறது? திட்டம் போடுகிறவன் என்ற முறையில் மிகவும் மெச்சினேன். கோப்பில் 'நால்வர்' என்று எழுதிக் கோடும் போட்டேன். உடனே நீங்கள், "நம்ம கூடார வண்டி கொட்டகையில சும்மாத்தான நிக்குது. காரு பின்னாடி மாட்டிக்கிட்டுப் போ. விரிச்சா வீடு மாதிரி" என்றீர்கள். மாமி ஆசைப்பட்டு வாங்கிய வண்டி. ஒரே ஒரு ராத்திரி அதில் படுத்துவிட்டு, கிழங்குச் செடியில் கருகல் விழுந்துவிட்டது என்று மறுநாள் காலையிலேயே திரும்பினீர்கள் என்றும், அதற்குப் பிறகு ஒவ்வொரு கோடையிலும் கிழங்குக்கு ஏதாவது ஒன்று வந்தது என்றும் மாமி கடைசிவரை சொல்லிக்காட்டுவார். இப்போது மாமியும் இல்லை. நிலத்தையும் வசந்தத்தில் குத்தகைக்கு விட்டுவிட்டீர்கள். கோடையில் தங்களுக்கு வேலை இல்லாத முதல் வருடம் இது. நிம்மதியாக ஓய்வெடுப்பீர்கள் என்று நாங்கள் எல்லோரும், குறிப்பாக நான், சந்தோஷப்பட்டோம்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. ஆனால் மாட்டோடு கூடவே இரண்டு மூட்டையும் வந்து இறங்கியது. நிலம்தான் குத்தகைக்குப் போயிருக்கிறது, கிழங்கு போகவில்லை என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். "இத்தாலிக்காரனுக்கு மாவு தெரியும், கிழங்கு தெரியாது. புள்ளைங்க வயித்தக் கெடுத்துடாத மாப்ளே" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். வண்டியை எங்கள் காரில் மாட்டிக் காட்டிவிட்டுப் போகிற அவசரத்தில் தொப்பியைக் காரிலேயே விட்டுவிட்டீர்கள்.

புறப்படும் முன் ஒத்திகை பார்க்க வேண்டும் என்பது என் கொள்கை. வீட்டு வாசலில் உள்ள பொதுப் புல்தரையில் வண்டியை நிறுத்தி விரித்தோம். எங்கள் தெருவில் யாரும் ஜன்னலுக்குத் திரை போடுவதில்லை என்பது தாங்கள் அறிந்ததே. அன்று ஜன்னலும் போதாமல், எதிர்வீட்டு கோர்ரி அம்மாள் காபிக் கோப்பையும் நாற்காலியுமாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா கெர்பென், கதவு மேல இருக்கே, ஏணி வச்சு ஏறுவீங்களா?" என்றார். தலைகீழாகப் போட்டிருந்தோம். பிரித்து மறுபடி போட்டதும் கதவு கீழே வந்தது, ஆனால் இரண்டு கம்பி மிஞ்சியது. தங்களைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "மாமா, ரெண்டு கம்பி மிச்சம் இருக்கு" என்றேன். "மிச்சம் இருந்தா நல்லதுதானே மாப்ளே. காலைல எத்தனை மணிக்குக் கிளம்பறீங்க?" என்றீர்கள். சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணி என்று சொன்னேன். "அஞ்சா?" என்று மறுபடியும் கேட்டுவிட்டு வைத்தீர்கள். அந்த அக்கறையைப் பார்த்து நெகிழ்ந்தேன். இதற்கிடையில் யோரிஸ் உள்ளே படுத்துத் தூங்கி எழுந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டே, "இது ஆஸ்திரியாவாப்பா?" என்றான். கோர்ரி அம்மாள் ஆமாம் என்று சொல்லிவிட்டார். அவனைச் சமாதானப்படுத்தவே சாயங்காலம் ஆகிவிட்டது.

வண்டியின் அடியில் ஐந்து தட்டு, ஐந்து கோப்பை, ஐந்து மடக்கு நாற்காலி இருந்தன. நாங்களோ நான்கு பேர். மாமியின் முன்யோசனை, உடைந்தால் உதவட்டும் என்று ஒன்று கூடுதலாக வைத்திருக்கிறார் என்று புரிந்துகொண்டேன். ஐந்தாவது நாற்காலியில் மட்டும் கடையின் விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை. நீங்கள் புது நாற்காலி வாங்குகிற மனிதர் இல்லை. ஆகவே கடைக்காரர் எதற்கோ இலவசமாகக் கொடுத்திருப்பார் என்று முடிவுக்கு வந்தேன்.

அதற்கு அடுத்ததுதான் வண்டி எடைபோடும் நாள். பெட்ரோல் பங்க் பக்கத்து மைதானத்தில், மஞ்சள் சட்டைப் பெரியவர்கள் சக்கரத்துக்கு அடியில் தட்டை வைத்து எடை பார்த்துச் சொல்வார்கள். அளவு மீறி வெளிநாட்டில் பிடிபட்டால் கட்டுகிற அபராதத்தில் இன்னொரு விடுமுறை போய்வரலாம். வரிசையில் நிற்கிற அத்தனை குடும்பமும் தன் எடையைவிட முன்னால் நிற்பவன் எடையைத்தான் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. எங்கள் முறை வந்தது. பெரியவர் முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உள்ள என்னப்பா, கல்லா?" என்றார். "ஆமா தாத்தா, ஒரு பெட்டி" என்றான் யோரிஸ். போகிற இடத்தில் நல்ல கல் கிடைக்குமோ கிடைக்காதோ என்று கையோடு கொண்டு வந்திருக்கிறான். மலைக்குப் போகிறோம், மாமா!

பிறகு ஊரே பார்க்க ஒவ்வொன்றாகத் தரையில் இறக்கினேன். கல் பெட்டி, மூன்று வாரத்துக்கான கழிவறைத் தாள், ரொட்டியில் தூவுகிற சாக்லேட் துகள், முழுப் பாலாடைக்கட்டி ஒன்று, திர்சா போர்வைக்குள் ஒளித்திருந்த முடி உலர்த்தி. பதினான்கு வயதில் அது இல்லாமல் மலை ஏற முடியாதாம். வேர்க்கடலை வெண்ணெய் ஜாடிகளில் கை வைத்ததும் நின்கே, "அதை இறக்கினா நானும் இறங்கிடுவேன்" என்றாள். மிஞ்சியது தங்கள் மூட்டைகள்தான். அவற்றைக் காருக்குள் மாற்றி, பின்னால் பிள்ளைகளுக்கு நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தேன். இருக்கையில் யாரோ பெல்ட் போடவில்லை என்று கார் கீச்சுக்கீச்சென்று கத்த ஆரம்பித்தது. எனவே கிழங்குக்குப் பெல்ட் போட்டேன். யோரிஸ் தங்கள் தொப்பியை எடுத்து மேல்மூட்டைக்கு வைத்தான். அந்தப் பெரியவர் ஜன்னலில் குனிந்து, "ஐயா, நீங்க எறங்க வேணாம், அப்படியே உக்காந்திருங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, இன்னொரு தடவை குனிந்து பார்த்தார்.

"இது ஒரு ஆள் எடை இருக்கேப்பா. இத எடுத்துட்டா ஒரு ஆளையே கூட்டிட்டுப் போகலாமே" என்றார்.

எங்களிடம் கூடுதல் ஆள் இல்லை என்று விளக்கினேன். நின்கே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வேர்க்கடலை வெண்ணெய்க் கவலை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகவே, மாமா, தவறாக நினைக்கக் கூடாது. இந்தப் பயணத்தில் இனி ஒரு குண்டூசிக்கும் இடம் கிடையாது. வெள்ளிக்கிழமை மாலை வந்து மூட்டைகளையும், ஐந்தாவது நாற்காலியையும், தொப்பியையும் தங்கள் கொட்டகையில் பத்திரமாக வைத்துவிட்டுப் போகிறேன். நடு இருக்கையில் என் திட்டக் கோப்பு வரும். ஐரோப்பாவின் பிற நாடுகளிலும் உருளைக்கிழங்கு விளைகிறதாம், விசாரித்துவிட்டேன். என் முடிவில் மாற்றமில்லை.

முழங்கால் வலி தீரவும், மழை இரவில் மட்டும் பெய்யவும், நாங்கள் திரும்பும்வரை தாங்கள் தனிமையில் ஆனந்தமாக ஓய்வெடுக்கவும் இறைவனை வேண்டும்,

தங்கள் பணிவுள்ள மருமகன்,
கெர்பென்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் நின்கே இதை வாங்கிப் படித்தாள். அப்படியே திர்சாவிடம் கொடுத்தாள். அவள் படித்துவிட்டு, "அப்பா, உனக்கு நிஜமாவே புரியலையா?" என்றாள்.

"என்ன புரியல?"

"தாத்தா வரலன்னு சொன்னா கூப்பிடுங்கன்னு அர்த்தம்ப்பா. கோர்ரி ஆன்ட்டிக்கே தெரியும்."

"கூப்பிடவே வேணாம்னு சொன்னாரே?"

"அப்ப கண்டிப்பா கூப்பிடணும்னு அர்த்தம்."

"எங்கப்பா அவருக்குன்னு ஒரு நாற்காலி வாங்கி நான் பார்த்ததே இல்ல, கெர்பென். அதைப் போய்த் திருப்பிக் குடுக்கப் போறியா?" என்று சொல்லும்போதே நின்கே அழுதுவிட்டாள்.

மூன்று கால்வாய்களின் தண்ணீர் மட்டத்தை விரலளவு பிசகாமல் சொல்லத் தெரிந்தவன் நான். இது எனக்குத் தெரியவில்லை. கஷ்டமாக இருக்கிறது, மாமா. கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதுகிறேன் என்றேன். "தாள் வீணா? பின்பக்கம் காலியாத்தானே இருக்கு, அதுல எழுது" என்றாள் நின்கே. ஆகையால் முன்பக்கத்தில் இருப்பது எதையும் பொருட்படுத்த வேண்டாம்.

மூட்டைகளைக் கோர்ரி அம்மாளுக்குக் கொடுத்தாயிற்று. என் கோப்பு வீட்டிலேயே இருக்கும். நாற்காலியை மறுபடி வண்டியில் கட்டிவிட்டேன். விலைச்சீட்டைத் திர்சா கிழித்துவிட்டாள். என்ஸ் நாங்கள் போகவேண்டிய திசைக்கு நேர் எதிரே இருக்கிறது; திட்டப்படி பார்த்தால் அது சுத்த வீண் சுற்று. சனிக்கிழமை விடியற்காலை அங்கே வந்துதான் கிளம்புகிறோம். வரவில்லை என்று சொல்லத் தொலைபேசியில் கூப்பிட்டீர்களானால், "சரி மாமா, வச்சிடறேன், பில்லு ஏறுது" என்று வைத்துவிடுவேன்.

கிழங்கு கொண்டுவர வேண்டாம். தொப்பியைத் தேடவும் வேண்டாம். அது நடு இருக்கையில் இருக்கிறது. யோரிஸ் அதற்குப் பெல்ட் போட்டு வைத்திருக்கிறான்.