எங்க சந்துக்கே ஒரு கல்யாணக் கோட்டு

சனிக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். திருவொற்றியூர்ல எங்க அக்கா வீட்டுக்குப் போய், என் கல்யாணக் கோட்டை வாங்கிட்டு வரணும்.

ராயபுரத்துலேர்ந்து பஸ் ஏறினா கொஞ்ச நேரம். வாங்கி, மடிச்சு, பையில போட்டா முடிஞ்சுது.

சிக்கல் ஒண்ணே ஒண்ணுதான். கோட்டு அங்க இல்லை. என்னைக்குமே இருந்ததில்லை.

முதல்லேர்ந்து சொல்றேன்.

மறுநாள் ஞாயித்துக்கிழமை எங்க கோயில்ல வெள்ளிவிழா தம்பதிகளுக்குப் பூசை. இருபத்தஞ்சு வருஷம் தாக்குப்பிடிச்சவங்களை பீடத்துக்கு முன்னாடி நிக்கவெச்சு ஃபாதர் ஆசீர்வாதம் பண்ணுவார். என் மனைவி ஸ்டெல்லா கல்யாணப் புடவையை எடுத்து வெயில்ல போட்டா. அப்புறம் என்னைப் பாத்தா.

"நான் அந்தப் பொடவையவே கட்டிக்கிறேன். நீங்க அந்தக் கோட்ட போட்டுக்குங்க. உங்கக்கா வூட்லதான கீது? போய் வாங்கினு வந்துடுங்க."

இந்தக் காலத்துப் பசங்களுக்கு எங்க காலத்து ஃபேஷனைப் பத்தி கொஞ்சம் சொல்லணும். நாங்க போட்டதுக்குப் பேர் பேகி பேண்ட். இடுப்புல ஆறு மடிப்பு, தொடையில மூணு பேருக்கு இடம், கணுக்கால்ல திடீர்னு இறுக்கம். சட்டை ரெண்டு சைஸ் பெருசு. அதை இன் பண்ணி, அப்புறம் சுத்தி பொங்கவிடணும். காசிமேடு பக்கம் நடந்தா கடல் காத்து உள்ள புகுந்து நம்மள பின்னாடி இழுக்கும்.

ஸ்டோன்வாஷ் ஜீன்ஸ் ஒண்ணு வாங்கினேன். எங்கம்மா அதைப் பாத்துட்டு, "பிளீச்சிங் பவுடர் கொட்டின துணிய என் புள்ள தலையில கட்டிட்டியே"ன்னு கடைக்காரன்கிட்ட சண்டைக்கே போயிட்டாங்க.

ஆனா கல்யாணம்னா கோட்டு. எங்க சந்துல மொத்தமே ஒரு கோட்டுதான். பெனடிக்ட் அண்ணனுது. கப்பல்ல வேலை பாத்தவர், சிங்கப்பூர்லேர்ந்து கொண்டாந்தது. கருநீலம், முன்னாடி ரெண்டு வரிசை தங்கக் கலர் பட்டன், தோள் ரெண்டுலயும் தலகாணி கணக்கா பஞ்சு.

கோயில்ல எவனுக்குக் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிச்சாலும் அன்னைக்கு சாயந்தரமே அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டுவான். குள்ளன், நெட்டையன், ஒல்லி, குண்டு, எல்லாருக்கும் அதே கோட்டு. பெருசா இருந்தா உள்பக்கம் ஊக்கு. சின்னதா இருந்தா மூச்சை அடக்கிக்கணும். சந்துல இருக்கிற கல்யாண ஆல்பம் எல்லாத்தையும் வரிசையா வெச்சா, தலை மட்டும்தான் மாறும்.

இதுல வெக்கப்பட எதுவும் இல்லை. நான் வாயை மூடிட்டு இருந்திருந்தா.

ஸ்டெல்லா பெரம்பூர் பொண்ணு. எங்க சந்து சமாச்சாரம் தெரியாது. நிச்சயம் முடிஞ்சு முதல் தடவை பேசினப்போ, சும்மா உதாரா, "கோட்டு எனக்குன்னே அளவெடுத்து சிங்கப்பூர்ல தெச்சது"ன்னு சொல்லிட்டேன். கல்யாணத்துக்கு மறுநாளே அது அடுத்த மாப்பிள்ளைக்குப் போயிடுச்சு. "கோட்டு எங்கங்க?"ன்னா. "நம்ம வூட்ல கரப்பான் கீது, அக்கா வூட்ல வெச்சிருக்கேன்"னேன். அதே மாசம் சந்துலேர்ந்து ஹார்பர் குவார்ட்டர்ஸுக்குக் குடி வந்துட்டோம், அடுத்தடுத்த மாப்பிள்ளைங்க அதே கோட்டுல நின்னதை அவ பாக்கலை. தப்பிச்சேன்.

அந்தச் சிங்கப்பூர் கோட்டை அவ இருபத்தஞ்சு வருஷமா சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிட்டு வர்றா.

அக்கா வீட்டுக்குன்னு சொல்லிக் கிளம்பி, நேரா பெனடிக்ட் அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

"கோட்டா? அத்த கேக்காத நைனா," ன்னார். "கடைசியா சேவியரு வாங்கினு போனான், கல்யாணத்துக்குன்னு. இப்ப அவன் பொண்ணுக்கே மாப்ள பாத்துகினு கீறான். கோட்டு மட்டும் வரல."

சேவியர் காசிமேட்டுல ஐஸ் கம்பெனியில இருந்தான்.

"எம் பொண்டாட்டி எடம் அடைக்குதுன்னு ஒரே கத்தல்ணே. எண்ணூர்ல பேண்டு வாத்தியம் வாசிக்கிற மாஸ்டர் கன்னியப்பன் கீறார்ல, அவருக்குக் குடுத்துட்டேன். அவருக்கு ஷோக்கா கீது."

"அடுத்தவன் கோட்டை எப்படிடா குடுப்ப?"

"ஏன், உன்னுதா?"

நான் எண்ணூர் பஸ் ஏறிட்டேன்.

கன்னியப்பன் மாஸ்டர் வீட்டுல, கதவுக்குப் பின்னாடி கொக்கியில தொங்கிட்டு இருந்துச்சு கோட்டு. தோள்ல தங்கச் சரிகை, குஞ்சம். ஆனா அதே கோட்டு. எனக்கு நிஜமாவே கண்ணு கலங்கிடுச்சு.

விஷயத்தைச் சொன்னேன். மாஸ்டர் நல்ல மனுஷன்.

"இன்னிக்கு சாயந்தரம் ஒரு சாவு கீது சார். நாளைக்குக் காலைல ராயபுரத்துல கோயில் வெள்ளிவிழா. அத்த முடிச்சிட்டு எடுத்துகினு போங்க."

"எந்தக் கோயில்?"

சொன்னார். எங்க கோயில்.

"அந்த வெள்ளிவிழாவே நான்தான் மாஸ்டர்."

ரொம்ப நேரம் யோசிச்சு ஒரு முடிவுக்கு வந்தோம். பூசைக்கு முன்னாடி வாசல்ல வரவேற்பு வாசிக்கிற வரைக்கும் கோட்டு அவருது. மணி அடிச்சதும் ஜெனரேட்டர் ரூமுக்குள்ள வெச்சு என்னுது. பூசை முடிஞ்சா மறுபடியும் அவருது. குஞ்சத்தையும் சரிகையையும் கழட்டித் தர்றேன்னார்.

ஞாயித்துக்கிழமை காலையில ஸ்டெல்லா கேட்டா, "கோட்டு எங்க?"

"அயர்ன் கடையில குடுத்துட்டேன். நேரா கோயிலுக்கே வந்துடும்."

பாதி உண்மை. கோட்டு எங்களுக்கு முன்னாடியே கோயிலுக்கு வந்து, வாசல்ல நின்னு கிளாரினெட் வாசிச்சிட்டு இருந்துச்சு.

ஸ்டெல்லா ஒரு நிமிஷம் நின்னு பாத்தா. "மாஸ்டர் போட்னு கீறது உங்க கோட்டு மாதிரியே கீதே?"

"அந்தக் காலத்துல எல்லாம் ஒரே டிசைன் ஸ்டெல்லா."

மணி அடிச்சுது. பாத்ரூம் போறேன்னு ஓடினேன். இருட்டுல, டீசல் நாத்தத்துல கோட்டை வாங்கி மாட்டினேன். மாஸ்டர் குண்டு, நானும் இப்ப அப்படித்தான். ரெண்டு பக்கமும் பிரிச்சு விட்டு தெச்சிருக்கார். அன்னைக்கு ஊக்கு குத்தி நிறுத்தின கோட்டு, இன்னைக்கு அளவெடுத்த மாதிரி கச்சிதமா உக்காந்துச்சு. இருபத்தஞ்சு வருஷத்துல முதல் தடவையா அது என் கோட்டு.

ஸ்டெல்லா என்னை மேலயும் கீழயும் பாத்தா. "அப்படியே கீறீங்க," ன்னு சொன்னா. எனக்கு ஏதோ மாதிரி ஆயிடுச்சு.

பேர் கூப்பிட்டாங்க. பீடத்துக்கு முன்னாடி போய் ஜோடியா நின்னோம். பின்னாடி குசுகுசுன்னு பேச்சு கேட்டுச்சு. கோட்டைத்தான் பாக்குறாங்க. நிமிர்ந்து நின்னேன். பேச்சு ஜாஸ்தியாச்சு. இன்னும் நிமிர்ந்தேன்.

மூணாவது பெஞ்சுல ஒரு குட்டிப் பொண்ணு. அப்பத்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கத்துகிட்டு இருக்கு போல.

"கன்… னி… யப்பன்… பேண்டு… வாத்தியம். கல்யாணம்… காதுகுத்து… சாவு… அனைத்துக்கும் அணுகவும்."

கோயில் சுவத்துல எங்கயோ எழுதியிருக்குன்னு நெனச்சேன்.

அந்தப் பொண்ணு நிறுத்தலை. அடுத்து செல் நம்பரையும் ஒவ்வொண்ணா படிச்சுது. பத்து நம்பரையும்.

ஸ்டெல்லா மெதுவா ஒரு அடி பின்னாடி போனா. என் முதுகைப் பாத்தா. மஞ்சள் நூல்ல எம்ப்ராய்டரி பண்ணியிருந்ததை முழுசா படிச்சா. திரும்ப வந்து பக்கத்துல நின்னா.

அந்த நேரம் பாத்து ஃபாதர் மைக்கை அவகிட்ட நீட்டினார். "ஸ்டெல்லா, இவரை இன்னைக்கும் உன் கணவரா ஏத்துக்கிறியாம்மா?"

ஸ்டெல்லா என் பக்கம் திரும்பினா.

"கோட்டு யாருது?"

பீடத்துக்கு முன்னாடி நின்னுட்டு எப்படிப் பொய் சொல்றது? "பெனடிக்ட் அண்ணனுது."

"அக்கா வூட்ல கீதுன்னது?"

"பொய்."

"சிங்கப்பூர்ல அளவெடுத்து தெச்சது?"

"சிங்கப்பூர் உண்மை. அளவு என்னுது இல்லை."

எல்லாம் மைக்ல போயிடுச்சு. ஃபாதர் மைக்கைக் கையால பொத்திட்டு என் காதுகிட்ட வந்தார்.

"பாவத்தை ஒத்துக்கணும்னா, பாவசங்கீர்த்தனம் சனிக்கிழமை சாயந்தரம்தான் கேக்குறேன்."

நான் ஸ்டெல்லாவையே பாத்துகிட்டு நின்னேன். இவ இப்ப "இல்லை"ன்னு சொல்லிட்டா நான் எங்க போவேன்னு உண்மையிலேயே பயந்துட்டேன். கல்யாணத்தன்னைக்குக் கூட அவ்வளவு பயப்படலை.

"ஏத்துக்கிறேன் ஃபாதர்," ன்னா. அதுக்கு முன்னாடி ஒரு பெருமூச்சு விட்டா. அதுவும் மைக்ல கேட்டுச்சு.

பூசை முடிஞ்சு கோட்டைக் கழட்டிக் குடுத்தேன். மாஸ்டர் மாட்டிகிட்டு வாசிக்க ஆரம்பிச்சார். ஸ்டெல்லா ரெண்டு நாள் எங்கிட்ட பேசலை. மூணாவது நாள், "அக்கம்பக்கத்துல ஒருத்தர் துணிய ஒருத்தர் வாங்கிப் போட்டுக்கறது சகஜம்தான். எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"ன்னா. எனக்கு வெக்கமா இருந்துச்சு.

கோயில் போட்டோகிராஃபர் ஆல்பம் கொண்டாந்தார். முன்பக்கம் எடுத்த போட்டோ நாலு, பின்பக்கம் எடுத்தது ஒண்ணு. ஸ்டெல்லாவே அதுல ஒண்ணைத் தேர்ந்தெடுத்து, பெருசு பண்ணி, ஃபிரேம் போட்டு ஹால்ல மாட்டியிருக்கா.

போன வாரம் மட்டும் எங்க வீட்டுக்கு வந்த ரெண்டு பேர் நம்பர் குறிச்சிட்டுப் போனாங்க.