பேரறிஞர் மே.கு.நூ.

நூலகர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று அவன் பிற்பாடு பலமுறை நினைத்துக்கொண்டான்.

"மே.கு.நூ. எழுதின புத்தகம் எல்லாம் வேணுமா?" என்று அவர் நிதானமாகக் கேட்டார்.

"எல்லாம் வேணாம் சார். முக்கியமானது நாலஞ்சு போதும்."

நூலகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அக்கம்பக்கம் யாருமில்லை என்று உறுதி செய்துகொண்டு, நோயாளியின் உறவினரிடம் டாக்டர் பேசுவது போலத் தணிந்த குரலில் சொன்னார்.

"தம்பி, மே.கு.நூ.ன்னா மேற்குறிப்பிட்ட நூல். மேல சொன்ன அதே புத்தகம்தான்னு அர்த்தம். அது ஆள் இல்லை."

காலடியில் தரை கொஞ்சம் நகர்ந்தது மாதிரி இருந்தது அவனுக்கு. நவீன வரலாறு இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவன் அவன். வகுப்பில் அவனுக்கு 'ஆதாரம்' என்று பெயர். யார் எதைச் சொன்னாலும் "ஆதாரம் இருக்கா?" என்று கேட்டுக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்ட பெயர். மழை வருகிறது, துணியை எடு என்று வீட்டில் அக்கா சொன்னால்கூட ஜன்னல் வழியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பான்.

அன்று காலை பத்து மணிக்குத்தான் இருபது பக்கக் கட்டுரை ஒன்றைத் துறையில் கொடுத்திருந்தான். தந்தி வந்த பிறகு அரசாங்கங்கள் எப்படி மாறின என்பது தலைப்பு. அதற்காகப் பழைய புத்தகங்களாகத் தேடிப் படித்தான். எதைத் திறந்தாலும் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் 'மே.கு.நூ., ப. 47', 'மே.கு.நூ., ப. 112' என்று இருந்தது. இப்போதெல்லாம் அந்த இடத்தில் 'மேலது' என்று போடுகிறார்கள், வகுப்பிலும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆகவே மே, கு என்பவை தகப்பன், பாட்டன் முதலெழுத்துகள், நூ என்பது ஆளின் பெயர் என்று அவனாகவே தீர்மானித்துவிட்டான். ரயில், சிறைச்சாலை, உப்புவரி, தபால் என்று ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் ஒருத்தரே கைவைத்திருக்கிறாரே என்று வியந்தும் போனான்.

வியந்ததோடு விட்டிருக்கலாம். விதி யாரை விட்டது. 'பேரறிஞர் மே.கு.நூ.வின் பெருந்தன்மை வியக்கத்தக்கது. பிற அறிஞர் ஒருவர் எதைச் சொன்னாலும், அடுத்த குறிப்பிலேயே அவர் தோன்றி அதை அப்படியே ஆமோதிக்கிறார்' என்று கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்திருந்தான்.

அந்த வரி இப்போது நினைவுக்கு வந்தது. காது மடல் வரை சூடேறியது. ஊரையெல்லாம் ஆதாரம் கேட்டவன், இல்லாத ஆளுக்குப் பெருந்தன்மை வேறு கொடுத்திருக்கிறான்.

மூன்று மாடிப் படியையும் ஒரே மூச்சில் ஏறித் துறை அலுவலகத்துக்கு ஓடினான். எழுத்தர் அக்கா முத்திரை குத்திக்கொண்டிருந்தார். கட்டுரையில் ஒரு பக்கம் விட்டுப்போயிற்று, ஒரு நிமிடம் கொடுங்கள் என்று கெஞ்சினான். கட்டுரைகள் தலைவர் மேசைக்குப் போய் அரைமணி நேரம் ஆயிற்று, கவலைப்படாதே என்று அவர் ஆறுதல் சொன்னார். துறைத் தலைவர் எந்தக் கட்டுரையிலும் கடைசிப் பக்கத்தை மட்டும்தான் படிப்பார் என்பது ஊரறிந்த விஷயம்.

அப்போதே உள்ளேயிருந்து கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

தலைவர் நாற்காலியில் சாய்ந்து உட்காருகிறவர். இன்றைக்கு நுனியில் உட்கார்ந்திருந்தார். கதவைச் சாத்தச் சொன்னார். மேசையில் அவனுடைய கடைசிப் பக்கம் மட்டும் தனியாகக் கிடந்தது.

"இவரை உனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. 'தெரியாது சார், தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்' என்று நாலே வார்த்தை. நாக்கு வரை வந்தது. ஆனால் நூலகரின் அந்தத் தணிந்த குரலை இன்னொரு முறை இன்னொரு வாயிலிருந்து கேட்கிற தெம்பு அவனுக்கு இல்லை.

"நேர்ல பார்த்திருக்கேன் சார்."

தலைவர் தண்ணீர் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தவர் அதை மறுபடியும் எடுத்து, காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு வைத்தார்.

"நேர்லயா? என்ன சொன்னார்?"

"ஒண்ணும் பெரிசா இல்லை சார். உங்களைப் பத்தி நல்லாத்தான் சொன்னார்."

ஏன் அப்படிச் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் ஒரு பொய் சொன்னால் அதற்குத் துணைக்கு இன்னொன்றையும் சேர்த்தே அனுப்பிவிடுகிறான். தலைவர் அந்தக் கடைசிப் பக்கத்தைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, ஆய்வேடு எழுத விண்ணப்பம் போட்டிருக்கிறாயா என்று கேட்டார். இல்லை என்றான்.

"போடு. உனக்கு ஒரு இடம் உண்டு. மே.கு.நூ. ரொம்ப ஒதுங்கி வாழறவர். இந்தப் பேச்சை வெளியில கொண்டு போகாதே. புரியுதா?"

அந்த வருடம் ஆய்வேடு எழுத ஆறே ஆறு இடம். ஐந்து பேர் யாரென்பதில் சண்டை இருந்தது. ஆறாவது இடம் 'நோட்டு'க்கு என்பதில் யாருக்கும் சந்தேகமே இருந்ததில்லை. வகுப்பில் ஆசிரியர் இருமினால் அதையும் எழுதிவைக்கிற பெண் அவள். தேர்வு வந்தால் வகுப்பு மொத்தமும் அவளுடைய நோட்டை நகலெடுத்துத்தான் பிழைக்கும். அந்த நன்றிக்குத்தான் அந்தப் பெயர்.

மறுநாள் அறிவிப்புப் பலகையில் ஆறாவதாக அவன் எண் இருந்தது. நோட்டு அதை இரண்டு முறை படித்தாள். திரும்பி, பின்னால் நின்றவனிடம் வாழ்த்துச் சொன்னாள். அதோடு போயிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

"உன் கட்டுரையைக் கொஞ்சம் காட்டறியா? நான் எங்க கோட்டை விட்டேன்னு தெரிஞ்சுக்கணும்" என்றாள்.

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? பிரதியைக் கொடுத்துவிட்டு, அவளுக்கு அந்தப் பொடி எழுத்துச் சமாச்சாரம் தெரிந்திருக்கவேண்டும், தெரிந்து திட்டிவிடவேண்டும் என்று உள்ளூர வேண்டிக்கொண்டான். இரண்டு நாள் கழித்து வந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"மே.கு.நூ. புத்தகம் ஒண்ணுகூட எனக்குக் கிடைக்கலை. நம்ம நூலகத்துல கேட்க வெக்கமா இருந்துச்சு. ரெண்டாம் வருஷம் படிக்கிறவளுக்கு இவரைக்கூடத் தெரியலையேன்னு நினைப்பாங்க இல்ல? அதனால வெளியில ரெண்டு நூலகத்துக்குப் போய்ப் பார்த்தேன். எனக்குத் தேடவே தெரியலை போல."

அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுடைய முட்டாள்தனத்துக்கு இவள் வெட்கப்படுகிறாள். தன் வெட்கத்தைக்கூட அவள் தலையில் கட்டிவிட்டிருக்கிறான்.

நோட்டு விடுகிற ஆளில்லை. நேராக இளம் விரிவுரையாளரிடம் போய்க் கேட்டாள். அவருக்குத் தெரியாது என்று சொல்லத் தெரியாது. மே.கு.நூ.வை ஒருமுறை ரயிலில் சந்தித்ததாகவும், எளிமையான மனிதர் என்றும், ஆனால் எழுத்து கொஞ்சம் கடினம் என்றும் சொல்லிவிட்டார். சொன்னதோடு நிற்காமல் துறைக் கூட்டத்தில் அவரை உரையாற்ற அழைக்கலாமே என்று எல்லார் முன்னாலும் தலைவரிடம் கேட்டும் விட்டார். தலைவர் ஆதாரத்தைப் பார்த்தார். ஆதாரம் தரையைப் பார்த்தான். அவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றான்.

சாயங்காலம் அக்காவின் மருந்துக்கடைக்குப் போனான். அவள் சீட்டைப் பார்த்து மாத்திரை எண்ணிக்கொண்டே முழுக் கதையையும் கேட்டாள்.

"இதுக்கா இப்படி மூஞ்சியைத் தொங்கப் போட்டிருக்கே? ஆள் செத்துட்டார்னு சொல்லிடு."

"செத்துட்டாரா?"

"ஆமாடா. செத்தவரை யாரும் பேசக் கூப்பிட மாட்டாங்க, யாரும் போய்ப் பார்க்கவும் மாட்டாங்க. அதோட விஷயம் முடிஞ்சுது."

அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது ஒன்றுக்கு மட்டும் அவன் வாழ்நாளில் ஆதாரம் கேட்டதில்லை. கேட்டிருக்கவேண்டும்.

மறுநாள் காலை தலைவர் அறையில் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். நடிக்கத் தேவைப்படவில்லை. ஒரு வாரமாக அவன் முகம் எழவு வீட்டு முகமாகத்தான் இருந்தது.

"எப்போ?" என்றார் தலைவர்.

"முந்தாநாள் சார். தூக்கத்திலேயே."

தலைவர் எழுந்தார். ஜன்னல் வரை நடந்தார், திரும்பி வந்தார். நாற்காலியில் பழையபடி நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். இவ்வளவு நிம்மதியாகத் துக்கப்படுகிற ஒருவரை அவன் பார்த்ததே இல்லை.

"நல்ல சாவு" என்றார். "முறைப்படி செஞ்சு முடிச்சுடலாம். வெள்ளிக்கிழமை மதியம் இரங்கல் கூட்டம். நீதான் பேசணும்."

எழுத்தர் அக்காவைக் கூப்பிட்டு அங்கேயே அறிவிப்பையும் சொல்லி எழுத வைத்தார். எழுத்தர் அக்கா பேனாவை நிறுத்திவிட்டு, "ஐயோ பாவமே" என்றார். முன்பின் பார்க்காத மனிதருக்காகக் கண் கலங்குகிறாரே என்று அவனுக்கு இன்னும் கொஞ்சம் குறுகுறுத்தது.

வெள்ளிக்கிழமை கருத்தரங்க அறையில் நாற்பது பேர் இருந்தார்கள். புகைப்படம் கிடைக்காததால் ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில் மே.கு.நூ. என்று எழுதிச் சட்டம் போட்டு வைத்திருந்தார்கள். அவரை அவர் இருந்தபடியே காட்டிய ஒரே படம் அதுதான். எல்லாரும் எழுந்து இரண்டு நிமிடம் அமைதியாக நின்றார்கள். ஒரு சுருக்கெழுத்துக்காக நாற்பது பேர் தலைகுனிந்து நிற்பதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு நின்ற அந்த இரண்டு நிமிடமும் அவன் ஆயுளில் நீளமானவை.

முதலில் இளம் விரிவுரையாளர் ரயிலைப் பற்றிப் பேசினார். இந்த முறை மே.கு.நூ. தனக்கு ஜன்னலோர இருக்கையை விட்டுக்கொடுத்ததும் சேர்ந்துகொண்டது. அடுத்து வாழ்க்கைக் குறிப்பு வாசிக்க நோட்டு எழுந்தாள். நான்கு பக்கம் எழுதி வந்திருந்தாள். பிறந்த ஆண்டு, ஊர், படிப்பு என்று எல்லா இடத்திலும் கோடு போட்டு விட்டிருந்தாள். முதல் பக்கத்தைப் பாதி படித்துவிட்டு நிறுத்தினாள்.

"இதுக்கு மேல எனக்கு ஒண்ணும் கிடைக்கலை. ஒரு வாரமாத் தேடினேன். எனக்கு அந்த இடம் கிடைக்காதது நியாயம்தான்னு இப்போ புரியுது. இவ்வளவு பெரிய மனுஷர் உயிரோட இருந்தப்போ அவர் பேரைக்கூடத் தெரியாம இருந்திருக்கேன். என்னை மன்னிச்சிருங்க."

மன்னிப்பை அந்தச் சட்டம் போட்ட காகிதத்தைப் பார்த்துத்தான் கேட்டாள். அழுகையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஆதாரம் எழுந்துவிட்டான். அவன் முறை இன்னும் வரவில்லை.

"நோட்டு, நீ மன்னிப்புக் கேட்காதே. அப்படி ஒரு ஆளே கிடையாது" என்றான்.

தலைவர் சட்டென்று குறுக்கிட்டார். "பையன் துக்கத்துல என்னமோ பேசறான். யாராவது தண்ணி குடுங்க. உக்காருப்பா."

"துக்கம் இல்லை சார், மானக்கேடு. மே.கு.நூ.ன்னா மேற்குறிப்பிட்ட நூல். பழைய புத்தகத்துல மேலதுங்கிறதுக்குப் பதிலா அப்படிப் போடுவாங்க. எனக்குத் தெரியலை. ஆள்னு நினைச்சு எழுதிட்டேன். அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு, ஆனா சொல்ல வெக்கமா இருந்துச்சு. நேர்ல பார்த்தேன்னு சொன்னது பொய். செத்துட்டார்னு சொன்னதும் பொய். அந்த ஆறாவது இடம் நோட்டுக்குச் சேர வேண்டியது. ஒரு வாரமா நான் அதுல உக்காந்திருக்கேன்."

சொல்லி முடித்ததும் உடம்பில் பாதி எடை குறைந்தது. மீதிப் பாதி நோட்டு அவனைப் பார்த்தபோது திரும்ப ஏறிக்கொண்டது. அவள் திட்டவில்லை. கையிலிருந்த நான்கு பக்கத்தை மெதுவாகக் குறுக்கே கிழித்தாள், மறுபடி மடித்துக் கிழித்தாள். யாரோ பின்வரிசையில் சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்தது. தான் ரயிலில் பார்த்தது வேறு யாராகவோ இருக்கவேண்டும் என்று இளம் விரிவுரையாளர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் விளக்கிக்கொண்டிருந்தார். அவன் சிரிப்பைத் தடுக்கவில்லை, தலையையும் நிமிர்த்தவில்லை. தனக்கு வரவேண்டியதுதான் இது என்று நின்றான்.

தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே எழுந்தார்.

"சரி, சரி. பையன் ஒத்துக்கிட்டான், பெரிய மனசு. ஆறாவது இடம் அந்தப் பொண்ணுக்கே. இவனை யாரும் ஒண்ணும் கேட்க வேணாம், யாரும் இதைப் பத்திப் பேசவும் வேணாம். கூட்டம் முடிஞ்சுது. எல்லாரும் கிளம்புங்க" என்று மடமடவென்று சொன்னார்.

இவ்வளவு சுலபமாகவா மன்னிப்பார்கள் என்று அவன் தலைவரையே பார்த்தான். நாற்காலிகள் நகர்ந்தன. மூலையில் உட்கார்ந்து கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த எழுத்தர் அக்கா மட்டும் எழுந்திருக்கவில்லை. சிவந்த கண்ணைத் துடைத்துக்கொண்டு, உண்மையாகவே புரியாத குரலில் கேட்டார்.

"அப்போ சார், மே.கு.நூ.கிட்ட குடுத்துத் திருத்தி வாங்கிட்டு வர்றேன்னு மூணு வருஷமா நம்ம பிள்ளைங்களோட பரீட்சைப் பேப்பரையெல்லாம் கட்டாக் கட்டி, அவருக்குன்னு திருத்துற கூலியும் சேர்த்து எடுத்துட்டுப் போறீங்களே, அது யாருகிட்ட?"