நாற்பதாயிரம் குடும்பங்களின் தலைவர்

“மாசத்துக்கு எவ்வளவு எண்ணெய் வாங்குவீங்கம்மா?” என்று கேட்டாள் கணக்கெடுப்புப் பெண்.

“ஒரு லிட்டர்,” என்றார் குடை சார்.

சமையலறை வாசலில் நின்றிருந்த அவர் மனைவி இருமினாள்.

“மூணு,” என்று திருத்திக்கொண்டார்.

கணக்கெடுப்புப் பெண் ரப்பரை எடுத்து அழித்தாள். அது ஏழாவது முறை. தேசியக் குடும்ப நிதிநிலை ஆய்வின் படிவம் அந்த இடத்தில் கிட்டத்தட்ட ஓட்டையாகிவிட்டது. கேள்வி மனைவிக்கு, பதில் கணவரிடமிருந்து, இருமல் மறுபடியும் மனைவியிடமிருந்து. முக்கால் மணி நேரமாக இதே கூத்து.

குடை சார், பேருந்துக் கழகத்தில் தொலைந்த பொருள் பிரிவின் குமாஸ்தா. பயணிகள் விட்டுவிட்டுப் போவதில் முக்கால்வாசி குடை என்பதால் அந்தப் பெயர். சேர்ந்து பத்தொன்பது வருஷமாகிறது. பதவி உயர்வு, சங்கத் தேர்தல், அலுவலகச் சுற்றுலா, எந்தப் பட்டியலிலும் அவர் பெயர் வந்ததில்லை. வீட்டிலும் அதே மரியாதைதான். சுவருக்கு என்ன வண்ணம் அடிக்கலாம் என்று அவரைக் கேட்க மாட்டார்கள், அடித்த பிறகு எப்படி இருக்கிறது என்றும் கேட்க மாட்டார்கள். அப்பேர்ப்பட்டவரை அரசாங்கமே வாசல் தேடி வந்து கேட்கும்போது, பாவம், மனிதர் வாயை மூடிக்கொண்டா இருப்பார்?

“இத்தனை வீடு இருக்க, எங்க வீட்டுக்கு எப்படிம்மா வந்தீங்க?”

“கம்ப்யூட்டர் குலுக்கல் சார். இந்த ஒரு வீடு நாப்பதாயிரம் குடும்பத்துக்குப் பிரதிநிதி. இங்க என்ன செலவாகுதோ, அந்த நாப்பதாயிரம் வீட்டுலயும் அதுதான் ஆகுதுன்னு எடுத்துக்குவாங்க.”

குடை சார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கணக்கெடுப்புப் பெண் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் போனாள். ஒரு தம்ளர் தண்ணீருக்குப் பத்து நிமிஷம் ஆயிற்று. நடுவில் சிரிப்புச் சத்தம் வேறு. திரும்பி வந்தவள் பைக்குள் கைவிட்டாள். உள்ளே ஒரே மாதிரிப் பச்சை நோட்டுகள் ஏழெட்டு அடுக்கியிருந்தன. மேலே இருந்த ஒன்றை எடுத்து இரண்டு கைகளாலும் அவரிடம் நீட்டினாள். தடித்த அட்டையில் தங்க எழுத்து: ‘குடும்பத் தலைவர் குறிப்பேடு’.

“முப்பது நாள் சார். வரவு செலவு எதையும் விடாம எழுதணும். உங்களை நம்பித்தான் குடுக்கிறேன்.”

தன்னை நம்பி யாராவது கடைசியாக எதைக் கொடுத்தார்கள் என்று யோசித்துப் பார்த்தார். குடைதான் நினைவுக்கு வந்தது. அதுவும் கொடுத்ததல்ல, மறந்துவிட்டுப் போனது. நாற்பதாயிரம் குடும்பங்களுக்கும் நல்ல பெயர் வாங்கித் தருவது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டார்.

முதல் நாளே பேனா நின்றது. அன்று காலை அவர் வாங்கியது ஒரு டப்பா தலைச் சாயம். தம் தலைமுடி பிறவிக் கறுப்பு என்று ஊரையே நம்பவைத்திருந்தவர் அவர். இதை எழுதினால் நாற்பதாயிரம் குடும்பத் தலைவர்களும் சாயம் பூசுகிறவர்கள் என்றாகிவிடாதா? டப்பாவைக் கடையில் திருப்பிக் கொடுத்தார். சாயத்தையே நிறுத்தினார்.

நான்காம் நாள் மனைவி வந்தாள்.

“என்னங்க, இஸ்திரிப் பெட்டி புகைஞ்சுபோச்சு. புதுசு வாங்கணும்.”

“இந்த மாசம் வேணாம்.”

“ஏன்?”

“நீ ஒண்ணு வாங்கினா நாப்பதாயிரம் பெட்டி வாங்கின கணக்கு. அத்தனைக்கும் கரண்டுக்கு எங்க போவாங்க?”

மனைவி அவரை ஒரு கணம் பார்த்தாள். “சரிங்க,” என்றாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் இவ்வளவு சுலபமாகச் சரி சொன்னதே இல்லை. அவர் தம் பொறுப்பின் மகிமையை வியந்துகொண்டார். அவள் பிரிட்ஜின் மேலிருந்த காக்கி அட்டை நோட்டை எடுத்து ஏதோ எழுதினாள். பால் கணக்காக இருக்கும். மனைவியும் மகளும் துணிகளை மாடி வீட்டில் தேய்த்துக்கொண்டார்கள். அங்கே போய் நிற்பது பிரதிநிதிக்கு அழகில்லை என்று குடை சார் கசங்கிய சட்டையோடு வேலைக்குப் போனார்.

பத்தாம் நாள் வேறொரு கவலை. ‘புத்தகங்கள்’ என்ற பக்கம் வெள்ளையாகக் கிடந்தது. நாற்பதாயிரம் குடும்பமும் எழுத்து வாசனை இல்லாதவை என்று நாடு நினைத்துக்கொண்டால்? தவணை முறையில் பன்னிரண்டு தொகுதிக் கலைக்களஞ்சியம் கூடத்துக்கு வந்து சேர்ந்தது. முதல் தவணை கட்டியதும் கைச்செலவுப் பணம் தீர்ந்துபோனது. வீட்டுக்குத் தெரியாமல் சாப்பிட்டு, நோட்டில் ‘பழம்’ என்று எழுதிவந்த நாலு மணி டீயும் பன்னும் நின்றன. பிறகு கேன்டீன் சாப்பாடும் நின்றது.

“அம்மாகிட்ட கொஞ்சம் கடன் வாங்கிக்குங்களேன்ப்பா,” என்றாள் மகள்.

“கடனா? நாப்பதாயிரம் குடும்பத்தைக் கடன்ல தள்ளச் சொல்றியா?”

“நாப்பதாயிரம் பேரும் சாப்பிட்டுட்டுத்தான் இருக்காங்கப்பா. நீங்க ஒருத்தர்தான் பட்டினி.”

இருபதாம் நாளுக்குள் தலை பாதி வெளுத்து, கன்னம் ஒட்டி, சட்டை முறுக்கிப் பிழிந்தாற்போல் ஆகிவிட்டார். மேலாளர் கூப்பிட்டனுப்பினார்.

“என்னய்யா, வீட்ல ஏதாவது பிரச்சினையா?”

“அதெல்லாம் இல்ல சார். எல்லாம் நாட்டுக்காகத்தான்.”

மேலாளர் முகம் இன்னும் கவலையானது. குடை சாரின் மனைவி கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று மத்தியானத்துக்குள் டிப்போ முழுக்கப் பரவியது. அவருக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று சாயங்காலத்துக்குள் ஆனது. மறுநாள் மேலாளர் அவர் சட்டைப் பையில் ஒரு கவரைத் திணித்தார்.

“வேணாம் சார்!”

“பேசாம வெச்சுக்கய்யா. கண்டக்டர், டிரைவர் எல்லாரும் போட்டிருக்காங்க.”

கவருக்குள் கணிசமான பணம். கூடவே ஒரு தாள். மேலே ‘குடை சார் உதவி நிதி’, கீழே முப்பத்தொரு பேர். ஒரு பட்டியலில் அவர் பெயர் வந்தது அதுதான் முதல் தடவை.

அன்று மாலை பச்சை நோட்டை விரித்து ‘இதர வருமானம்’ என்ற கட்டத்தின் முன் உட்கார்ந்தார். எழுதினால் நாற்பதாயிரம் குடும்பம் கையேந்தி நிற்கிறது என்று ஆகும். எழுதாவிட்டால், தம்மை நம்பிய ஒரே ஆபீஸையும் ஏமாற்றியதாக ஆகும். யோசிக்க யோசிக்க, இருபத்தோரு நாளாக ஏமாற்றியதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை என்பது புரிந்தது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

“என்னாச்சுங்க?” என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள் மனைவி.

“உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். நான் தலைக்கு டை அடிக்கிறவன்.”

“தெரியுமே.”

“எப்படி?”

“பாத்ரூம் சுவரெல்லாம் கறுப்பா இருக்கே, அதுவும் பிறவிக் கறுப்பா?”

“பன்னு?”

“சட்டைப் பையைத் திருப்பினா தூளா கொட்டுது. இதுக்கெல்லாமா அழுவாங்க?” முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். “உள்ளதை உள்ளபடி எழுதுங்க. நாப்பதாயிரம் பேர்ல ஒருத்தனாவது டை அடிக்காமலா இருப்பான்?”

மனைவி என்னமோ சாதாரணமாகத்தான் சொன்னாள். குடை சாருக்கு நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. மறுநாளே கவரைத் திருப்பிக் கொடுத்தார். கலைக்களஞ்சியத்தை, பாதித் தவணை நஷ்டத்தோடு, வந்த வழியே அனுப்பினார். இஸ்திரிப் பெட்டி வந்தது. பொய்களையெல்லாம் கோடு போட்டு அடித்து, சாயம், பன், வாங்கிய நிதி, திருப்பிய நிதி, தண்டம் அழுத தவணை எல்லாவற்றையும் தேதிவாரியாக எழுதினார். எழுத எழுத, தம்மைப் போலவே எங்கெங்கோ நாற்பதாயிரம் பேர் பன் தின்றுகொண்டும் சாயம் பூசிக்கொண்டும் இருப்பது போலத் தோன்றியது. அவர்கள்மேல் அவருக்குப் பாசமே வந்துவிட்டது.

முப்பதாம் நாள் கறுத்த தலையோடும் தேய்த்த சட்டையோடும் வாசலில் காத்திருந்தார். கணக்கெடுப்புப் பெண் வரவில்லை. ஆய்வு அலுவலக ஜீப்தான் வந்தது. டிரைவர், நாற்பது நாற்பத்தைந்து வயது, சாக்குப் பையோடு இறங்கினார்.

“நோட்டு வாங்கிட்டுப் போகச் சொன்னாங்க சார்.”

குடை சார் பச்சை நோட்டை இரண்டு கைகளாலும் நீட்டினார். “கொஞ்சம் அடித்தல் திருத்தல் இருக்கும். ஆனா ஒரு பைசாகூடப் பொய் இல்ல. நாப்பதாயிரம் குடும்பத்துக்கும் நான் ஜவாப்தாரி.”

டிரைவர் நோட்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், கையை நீட்டவில்லை. அதற்குள் மனைவி உள்ளேயிருந்து வந்து, பிரிட்ஜின் மேலிருந்த காக்கி நோட்டை டிரைவரிடம் கொடுத்தாள். டிரைவர் முப்பது பக்கமும் நிரம்பியிருக்கிறதா என்று புரட்டிப் பார்த்து, முத்திரை குத்தி, சாக்குக்குள் பத்திரமாகப் போட்டுக்கொண்டார்.

“அப்ப இது?” என்றார் குடை சார், நீட்டிய கை நீட்டியபடியே.

“பச்சை நோட்டு உங்ககிட்டயே இருக்கட்டும் சார். காக்கி நோட்டுல கணக்கு எழுதுறவங்க பக்கத்துல வீட்டுக்காரர் வந்து நின்னு பதில் சொல்லாம இருக்கணும்னு, வீட்டுக்கு ஒண்ணு குடுக்கிறதுதானே அது!”