பத்தாயிரத்து ஒரு அகலும் ஒரு எம்.எஸ்ஸி.யும்

எம்.எஸ்ஸி. கணிதம் படித்தவனிடம் தயவுசெய்து வகுத்தல் கணக்குக் கேட்காதீர்கள். மளிகைக் கடைக்காரர் நொடியில் சொல்லிவிடுவார். நாங்கள் அந்த எண்ணின் குணாதிசயத்தை ஆராய்ந்துகொண்டிருப்போம்.

எழுபதுகளின் கடைசியில் பட்டத்துடன் (வேலை இல்லாமல்தான்) அடி அண்ணாமலைக்குத் திரும்பியிருந்தேன். அந்தக் கார்த்திகை தீபத்துக்கு எங்கள் தெரு முழுக்கப் பத்தாயிரத்து ஒரு அகல் ஏற்றுவதென்று முடிவாகியிருந்தது. அந்த ஒன்று எதற்கு என்று கேட்கக் கூடாது. மொய்யையே நூற்றொன்று என்று எழுதும் ஊரில் வெறும் பத்தாயிரத்துக்கு மரியாதை கிடையாது. ஆனால் எல்லா வாசலிலும் ஒரே அளவு விளக்கு இருக்க வேண்டும். முந்தைய வருஷம் ஒரு வீட்டுக்கு இரண்டு ஜாஸ்தி போய், பொங்கல் வரை தெருவில் பாதிப் பேர் மீதிப் பேரோடு பேசவில்லை.

பொறுப்பு சண்முகம் மாமாவிடம். அவர் மகள் செல்வியைத்தான் எனக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். வேலை இல்லாவிட்டாலும் மூளையாவது இருக்கிறதா என்று பார்க்க நினைத்தார் போல.

"வூட்டுக்கு எத்தினி வரும்னு நீ சொல்லு தம்பி."

வீடுகளை எண்ணி வகுத்துவிட்டால் பட்டத்துக்கு என்ன மதிப்பு? இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு என்று பகா எண்களாக எடுத்து வரிசையாக வகுத்துக்கொண்டே போனேன். நூறு வரை பார்க்க வேண்டும் என்பது விதி. எழுபத்தொன்றுக்கு வந்தபோது அம்மா சாப்பிடக் கூப்பிட்டார். சாப்பிட்டதும் எல்லாம் தெளிவாகிவிட்டது.

"மாமா, இது பகா எண்! எதால வகுத்தாலும் மீதி வரும். சமமா பிரிக்கவே முடியாது!"

மாமா முகம் தொங்கிப் போனது. மலையில் தீபம் தெரிவதற்குள் திரி போட்டாக வேண்டும். "வர்றது வரட்டும், குடுத்துக்கினே போங்க" என்றார். நூறு நூறாக, பத்துப் பத்தாக, கடைசியில் ஒன்றொன்றாகக் கொடுத்தார்கள். வீட்டுக்கு நூற்று முப்பத்தாறு ஆனதும் நான் குறுக்கே பாய்ந்தேன்.

"நிறுத்துங்க! இதுக்கு மேல போனா சண்டைதான்!"

மிச்சக் குவியலை நானே எண்ணினேன். எழுபத்து மூன்று. ஆனந்தம் தாங்கவில்லை. "பாத்தீங்களா மீதியை? இந்த எழுபத்து மூணும் பகா எண்ணுதான்! இதையும் பிரிக்க முடியாது!"

தெருவே என்னை மரியாதையாகப் பார்த்தது. மீதியைக் கோயிலுக்குக் கொடுக்கலாம் என்றார் ஒருவர். எந்தக் கோயிலுக்கு என்று சண்டை ஆரம்பித்தது.

எண்ணெய்ச் சொம்புடன் நின்ற செல்வி கேட்டாள்: "ஏம்ப்பா, நம்ம தெருவுல எத்தினி வூடு?"

"எழுபத்து மூணு."

"அப்ப வூட்டுக்கு இன்னும் ஒண்ணு குடுத்துட்டா ஆச்சு."

எழுபத்தொன்றுக்கு அடுத்த பகா எண் எழுபத்து மூன்று என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அம்மா ஒரு நிமிஷம் கழித்துக் கூப்பிட்டிருந்தால் தப்பித்திருப்பேன். தெரு சிரித்த சிரிப்பில் எனக்கு அப்படியே மலையேறி ஓடிவிடலாம் போலிருந்தது.

சம்பந்தம் போச்சு என்றுதான் நினைத்தேன். ஆனால் செல்வி தன் அப்பாவிடம், "கட்டி வைப்பா, கணக்கு நான் பாத்துக்கறேன்" என்றாளாம்.

இன்றும் தட்டில் ஒரு வடை மிஞ்சி நான் கை நீட்டினால், "இது பகா வடை, பிரிக்க முடியாது" என்று அவளே எடுத்துக்கொள்கிறாள். (ஒன்று என்பது பகா எண்ணே இல்லை என்று ஒருமுறை விளக்க ஆரம்பித்தேன். முடிப்பதற்குள் வடை தீர்ந்துவிட்டது.)