மணலில் சிசிலியைப் பிடித்தவர்

ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் தப்பாமல் விளையும் ஓர் இனம் உண்டு. ஈட்டியைத் தொட்டிராது, ஆனால் எந்தப் படை எந்தக் கரையில் இறங்க வேண்டும் என்பது அதற்கு அத்துபடி. 'உட்கார்ந்த தளபதி' என்று அதற்குப் பெயர் வைத்துக்கொள்வோம். அந்தக் காலத்து ஏதென்ஸில் பாதிப் பேர் இந்த இனம். மீதிப் பேர், தங்கள் முறை வரட்டும் என்று காத்திருப்பவர்கள்.

இவர்களில் தலைசிறந்தவர் எண்ணெய் வியாபாரி மெலந்தியோஸ். காலையில் எழுந்ததும் வியாபாரத்தை வேலையாளிடம் விட்டுவிட்டு, சந்தை மூலையில் இருந்த கிரோமோனின் முடிதிருத்தும் கடைக்கு வருவார். கால்மேல் கால் போடுவார். உலர்ந்த அத்திப்பழங்களை மடியில் கொட்டிக்கொள்வார். பிறகு கைத்தடியால் மணலில் ஒரு முக்கோணம் கீறுவார். அதுதான் சிசிலித் தீவு. அத்திக்காம்புகள் நம் கப்பல்கள். எதிரியின் கப்பல்கள்? எதிரிக்கு ஏது கப்பல்!

"பாரு கிரோமோன், பாரசீகன் வந்தான். அடிச்சோம். பெரிய ஆளானோம். இன்னைக்குத் தீவுக்காரனெல்லாம் நமக்குக் கப்பம் கட்டுறான். இதுலேர்ந்து என்ன தெரியுது?"

"வீடு தேடி வந்தவனை அடிச்சோம்னு தெரியுதுங்க."

"மண்டு! அடிச்சா வளருவோம்னு தெரியுது."

"ஸ்பார்ட்டாக்காரனோட பத்து வருஷம் அடிச்சுக்கிட்டோமே, என்னங்க வளர்ந்துச்சு?"

"தாடி வளர்ந்துச்சு. உனக்குத்தானே லாபம்? வாயை மூடிட்டு மையைத் தடவு!"

ஆமாம், மைதான். மெலந்தியோஸுக்கு வயது அறுபத்தொன்று, ஊருக்கு ஐம்பது. நடுவில் காணாமல் போன வருடங்களை அடுப்புக்கரியும் எண்ணெயும் குழைத்து மறைத்து வந்தான் கிரோமோன். வெள்ளைத் தாடிக்காரர் போர் வேண்டும் என்றால், 'கிழவருக்கு என்ன, அவரா போகப்போகிறார்?' என்று எவனாவது கேட்டுவிட மாட்டானா?

கிரோமோன் கடலுக்கு அப்பால் எபேசுஸ் நகரிலிருந்து வந்து குடியேறியவன். மக்கள் சபையில் கை தூக்க அவனுக்கு உரிமை இல்லை. போர்க்கப்பலில் துடுப்புப் போட மட்டும் தாராளமாக உண்டு.

சிசிலிமேல் படையெடுக்கும் விவகாரம் சபைக்கு வந்த நாளில், சபை கூடும் குன்றின்மேல் கால் வைக்க இடமில்லை. ஒருவர் எழுந்து, ரொம்ப தூரம், ரொம்பச் செலவு, முதுகுக்குப் பின்னால் ஸ்பார்ட்டா வேறு என்று இழுத்தார். மெலந்தியோஸ் கொதித்து எழுந்தார்.

"உக்காருய்யா! பயந்தவன் வீட்டுல இரு! எனக்கு அம்பது வயசுதான், நானே போறேன்!"

கூட்டம் ஆர்ப்பரித்தது. கைகள் உயர்ந்தன, எல்லாக் கைகளுக்கும் மேலே மெலந்தியோஸின் கை. போர் முடிவாயிற்று. வீடு திரும்பும் வழியெல்லாம் அவர் சிசிலியின் கோதுமையைத் தம் கூடத்தில் கொட்டி அளந்துகொண்டே நடந்தார்.

சில நாளில் படைத்தலைவர் வாசலுக்கு வந்தார். "நீங்களே வர்றதாச் சொன்னீங்களே! மூணு நாள் சாப்பாட்டோட துறைமுகத்துக்கு வந்துடுங்க."

மனைவி கல்லிஸ்தே உள்ளே ஓடி, என்றுமில்லாத சுறுசுறுப்போடு வெங்காயமும் பாலாடைக்கட்டியும் மூட்டை கட்டினாள். "தினமும் போயிட்டு வர்ற தீவுதானே? வழி தெரியாமலா போயிடும்?"

மெலந்தியோஸ் படைத்தலைவரின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, எனக்கு அறுபத்தொண்ணு! அறுபது ஆனவனைக் கூப்பிடக் கூடாது!"

"தாடி அப்படிச் சொல்லலையே."

தாடியே சொல்லட்டும் என்று மூட்டையும் கையுமாகக் கிரோமோனிடம் ஓடினார். படைத்தலைவர் பின்னாலேயே வந்தார். கடை முன் கூட்டம் கூடிவிட்டது. கிரோமோன் சாம்பல் தண்ணீரை ஊற்றித் தேய்த்தான். ஊற்ற ஊற்ற வயது ஏறியது. "இன்னும் தேய்டா, இன்னும்!" என்று கெஞ்சினார் மெலந்தியோஸ். ஊரே வயிறு வலிக்கச் சிரித்தது. பனி போல வெளுத்த தாடி ஒன்று வெளியே வந்தது. படைத்தலைவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போகட்டும் விடு என்றார். பிறகு, துவாலையோடு நின்ற கிரோமோனைப் பார்த்தார்.

"உனக்கு என்ன வயசுப்பா?"

"முப்பத்திரண்டுங்க."

"துடுப்புக்கு ஆள் குறையுது. நீ வந்துடு."

"கட்டின சாப்பாடு வீணாப் போகக் கூடாது," என்று மூட்டையை நீட்டினார் மெலந்தியோஸ், பெருந்தன்மையோடு.

கப்பல்கள் திரும்பவில்லை. கிரோமோனும் திரும்பவில்லை. பாவம், நல்ல பையன். சிசிலியில் படை அழிந்த செய்தி வந்த அன்று மெலந்தியோஸ் வெள்ளைத் தாடியைத் தடவிக்கொண்டார். "நான் சொன்ன கரையில இறங்கியிருக்கணும். எவன் கேட்டான்?"

அப்புறம் என்ன? ஏதென்ஸின் மதில்கள் இடிந்தன, ஸ்பார்ட்டா எழுந்தது. அங்கே பொதுச் சாப்பாட்டு மேசையில் ஒருவர், சிந்திய கறுப்புக் குழம்பில் தீப்ஸ் நகருக்கு வழி வரையத் தொடங்கினார். ஸ்பார்ட்டா விழுந்து தீப்ஸ் எழுந்தது. அங்கும் ஒருவர் மணலைத் தேடிப் போனார். கடைசியில் வடக்கிலிருந்து மாசிடோனிய மன்னன் வந்து எல்லாரையும் ஒரே மூச்சில் அடக்கி உட்கார வைத்தான். உட்காருவதில்தான் அவர்களுக்கு நல்ல பழக்கமாயிற்றே!

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்பது தெரியும். நேற்றுச் செய்தி பார்த்துக்கொண்டே, 'ஒரே அடி, ஜோலி முடிஞ்சுது' என்று தொடையைத் தட்டினீர்களாமே, அதுகூட நாட்டுப்பற்றுதான். ஒன்றே ஒன்றுதான் கேட்க வேண்டும்: அடிக்க யார் வீட்டுப் பிள்ளையை அனுப்புவதாக இருந்தீர்கள்?